ஆடும் சறுக்கு மேசை: முறுக்குவதா, பேரிங் மாற்றுவதா, பலகை செய்வதா?

ரங்கூனில் மழை பிடித்துவிட்டால் எங்கள் பட்டறை இரும்பெல்லாம் வியர்க்கும். போன ஆடியில் பூஜை அலமாரி ஒன்றுக்குத் தேக்குச் சட்டங்கள் அறுத்தேன். நான்கில் ஒன்றுகூட மூலைமட்டத்துக்கு ஒத்துவரவில்லை. கோளாறு ரம்பத்தின் வட்ட வாளில் இல்லை, மரத்தைத் தாங்கி வாளை நோக்கி ஓடும் சறுக்கு மேசையில். வெளி நுனியைக் கையால் தூக்கினால் 2 மில்லிமீட்டர் மேலே வந்தது. மரம் வீணாவது ஒரு பக்கம். அறுக்கும்போது பலகை கோணினால் வாள் அதைப் பிடித்து ஆளை நோக்கியே திருப்பி அடிக்கும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

முதல் வழிக்குச் செலவே இல்லை. சிறிய ரம்பங்களில் இந்த மேசை தண்டவாளத்துக்கு மேலும் கீழும் உருளும் பேரிங்குகளில் ஓடுகிறது. கீழ் பேரிங்கைத் தாங்கும் போல்ட்டின் மையம் பல இயந்திரங்களில் சற்றுத் தள்ளி இருக்கும். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, நட்டைத் தளர்த்தி போல்ட்டை ஸ்பேனரால் திருப்பினால் பேரிங் தண்டவாளத்தை நெருங்கும். எவ்வளவு நெருங்க வேண்டும்? மேசை நிற்கும்போது பேரிங்கை விரலால் சுழற்றிப் பாருங்கள். சற்றே உரசிக்கொண்டு வழுக்கினால் சரி. அசையவே மறுத்தால் இறுக்கம் அதிகம். தாராளமாகச் சுழன்றால் ஆட்டம் இன்னும் போகவில்லை.

இந்தச் சோதனையை நடுவில் மட்டும் செய்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். மேசை அதிகம் ஓடுவது நடுப்பகுதியில்தான் என்பதால் தண்டவாளம் தேய்வதும் அங்கேதான். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாக ஓட்டினேன். முக்கால் அடி தாண்டியதும் விரல் லேசாக இறங்கியது. அந்தப் பள்ளத்துக்கு ஏற்ப முறுக்கினால் இரு முனைகளிலும் மேசை சிக்கிக்கொள்ளும். முனைக்கு ஏற்ப முறுக்கினால் நடுவில் ஆடும். தண்டவாளம் உருண்டைக் கம்பியாக இருந்தால் கால் சுற்றுத் திருப்பிப் பொருத்தித் தேயாத முகத்தைக் கொடுக்கலாம். எனக்கு அதுவே கை கொடுத்தது.

பேரிங் மாற்றுவதைத்தான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். சுழற்றும்போது கரகரவென்றால் மாற்றத்தான் வேண்டும். விளிம்பில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 608 என்றால் துளை 8, வெளிவட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். தகர மூடி வேண்டாம், ரப்பர் மூடி போட்டதாகக் கேளுங்கள். தேக்கின் தூள் எண்ணெய்ப் பசையோடு எங்கும் ஒட்டும். அதில் உள்ள மணற்சத்து வாளின் பல்லையே மழுக்குகிறது, பேரிங்கை விட்டுவைக்குமா? ஆனால் பள்ளம் விழுந்த தண்டவாளத்தில் புது பேரிங் போட்டாலும் அதே ஆட்டம்தான்.

மூன்றாவது, சறுக்கு மேசையை நம்பாமல், ரம்பத்தின் நிலையான மேசையில் வாளுக்கு இணையாக வெட்டியிருக்கும் நீளப் பள்ளத்தில் மரத்தை ஏற்றித் தள்ளும் பலகையை நாமே செய்துகொள்வது. 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், பள்ளத்துக்கு இழைத்த தேக்குச் சட்டம், மரத்தை அணைத்துப் பிடிக்க ஒரு நேர்க்கட்டை போதும். பள்ளம் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் அகலம். ஈரத்தில் அதிகம் ஊதாத தேக்குக்கு இங்கே பஞ்சமில்லை. கோணம் சரியா என்று பார்க்க ஒரு சதுரப் பலகையின் நான்கு பக்கத்தையும் சுற்றிச் சுற்றி அறுத்து, ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே ஒரு கீற்று எடுங்கள். கீற்றின் இரு முனை அகல வித்தியாசத்தை நான்கால் வகுத்தால் பிழை தெரியும். 400 மில்லிமீட்டர் நீளக் கீற்றில் 0.8 வித்தியாசம் என்றால், அந்த நீளத்துக்குப் பிழை 0.2. மூலைமட்டத்தால் இவ்வளவு நுட்பமாகச் சொல்ல முடியாது. வாள் வெளிவரும் இடத்தில், நேர்க்கட்டைக்குப் பின்னால் ஒரு தடிமனான கட்டையை ஒட்டிவிடுங்கள்; விரலுக்கு அதுதான் காவல்.

சட்டம், கட்டம் போன்ற குறுகிய வேலைக்கு என் ஓட்டு பலகைக்கே. அகலமான அலமாரிப் பக்கங்களை அதில் வைக்க இடம் போதாது, தூக்கவும் கனம். அங்கே சறுக்கு மேசையை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே முறுக்கிச் சரிசெய்த மேசையையும் வைத்திருக்கிறேன். தண்டவாளத்துக்கு எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டேன், எண்ணெயில் தூள் சேர்ந்தால் களிம்பாகிறது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை துணியால் துடைத்து மெழுகுவர்த்தியைத் தேய்க்கிறேன்.