வேன் கூரையில் நான்கு பேனல்கள்: சீரிஸா, பேரலலா, இரண்டும் கலந்தா?

திருநெல்வேலிச் சீமையில் வேனை நிறுத்தித் தங்குகிறவர் முதலில் தேடுவது மர நிழலை. கூரையில் இருக்கும் சோலார் பேனலுக்கோ அந்த நிழல்தான் பகை. இரண்டையும் முழுமையாக ஒத்துப்போகச் செய்ய முடியாது என்றாலும், ஒயரிங்கை எப்படி அமைக்கிறோம் என்பதைப் பொறுத்து இழப்பு வெகுவாகக் கூடவோ குறையவோ செய்யும். சீரிஸ் என்பது பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது; எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் ஓட, மின்னழுத்தம் கூடிக்கொண்டே போகும். பேரலல் என்பது அவற்றைப் பக்கம் பக்கமாக இணைப்பது; எல்லாவற்றுக்கும் ஒரே மின்னழுத்தம் இருக்க, மின்னோட்டம் கூடும். கணக்குக்காக, டெம்போ டிராவலர் ஒன்றின் கூரையில் இடப்பக்கம் இரண்டும் வலப்பக்கம் இரண்டுமாக 100 வாட் பேனல்கள் நான்கும், உள்ளே 12 வோல்ட் லித்தியம் பேட்டரியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் ஒவ்வொரு பேனலும் சுமார் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும். அதன் 36 செல்கள் பதினெட்டுப் பதினெட்டாக இரு வரிசைகளில் நிற்கும்; நிழல் விழுந்த வரிசையை விலக்கி மின்னோட்டத்தைச் சுற்றி அனுப்ப, வரிசைக்கு ஒரு பைபாஸ் டயோடு உண்டு.

நிழல் விழும் இடமென்றால் பேரலல்தான் நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அது பாதிதான் உண்மை. எந்த மரத்தின் நிழல் என்று கேட்காமல் அந்த விதியை ஏற்க முடியாது.

உவரிப் பக்கம் பனைகளுக்கு நடுவே நிறுத்தினால், அடிமரத்தின் நிழல் கோடு போட்டதுபோல் ஒல்லியாகவும் அடர்த்தியாகவும் விழும். அது ஒரு பேனலின் ஒரே ஒரு செல் வரிசையை மறைத்தது என்று கொள்வோம். நான்கும் சீரிஸில் இருந்தால், அந்த வரிசையை டயோடு விலக்கிவிட, எட்டில் ஏழு பங்காக ஏறத்தாழ 350 வாட் தொடர்ந்து வரும். பேரலலில் இருந்தால், பாதிக்கப்பட்ட பேனலால் 9 வோல்ட்தான் எழுப்ப முடியும். மற்றவை 18 வோல்ட்டில் நிற்கையில் அதன் மறுபாதி வெயிலில் கிடந்தும் பயனில்லாமல் போகும். மிஞ்சுவது 300 வாட். ஆக, பனை நிழலில் வெல்வது சீரிஸ்தான்.

திருப்புடைமருதூர் போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களில் கதை வேறு. மருத மரம் வெயிலைச் சல்லடையில் சலித்ததுபோல் இறக்குகிறது. இடப்பக்கத்துப் பேனல்கள் இரண்டுக்கும் பாதி வெளிச்சமே கிடைக்கிறது என்றால், சீரிஸில் இருக்கும் நான்கும் சேர்ந்து 200 வாட் அளவுக்கே தரும். ஒன்று, எல்லாப் பேனல்களும் பாதி மின்னோட்டத்துக்கு இறங்க வேண்டும், அல்லது அந்த இரண்டையும் அறவே கைவிட வேண்டும். பேரலலில் அவை தம் பங்கைத் தருவதால் 300 வாட் வரும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் இரண்டும் சமம் போலத் தோன்றும். ஆனால் 12 வோல்ட் அமைப்பில் நான்கையும் பேரலலில் போடுவதை நான் ஏற்காததற்கு முதற்காரணம் நம் ஊர் வெயில்தான். கூரையோடு ஒட்டிக் கிடக்கும் பேனல் சித்திரை, வைகாசி நண்பகலில் 65 பாகை வரை சுடும். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் குறைவதால், 18 வோல்ட் என்று அச்சிட்டு வந்தது 15 வோல்ட்டை ஒட்டி வந்து நிற்கும். பேட்டரி நிறைய அதற்கு 14.4 வோல்ட் அளவுக்கு வேண்டும். நான்கின் மின்னோட்டமும் சேர்ந்து 22 ஆம்பியராக 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஐந்து மீட்டர் ஓடி இறங்கும்போது, போக வர மட்டும் ஒரு வோல்ட் கரைந்துவிடும். உச்சி வெயில் கொளுத்தும் நேரத்தில்தான், பேனலின் கூடுதல் மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கித் தரும் எம்.பி.பி.டி கன்ட்ரோலருக்கு வேலை செய்ய இடமில்லாமல் போகிறது. சீரிஸில் மின்னோட்டம் நான்கில் ஒன்றாகிவிடுவதால் அதே ஒயரில் மின்சார இழப்பு பதினாறில் ஒரு பங்குதான். பேரலலில் ஒவ்வொரு பேனலுக்கும் தனி ஃபியூஸ் தேவைப்படுவதும் ஒரு கூடுதல் வேலை.

நான்கையும் சீரிஸில் போடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சுமை இல்லாத நிலையில், அதாவது பேனலிலிருந்து மின்சாரம் எடுக்காதபோது, பேனலுக்கு 22 வோல்ட்டாக மொத்தம் 88 வோல்ட் நிற்கும். மாஞ்சோலையின் குளிர்ந்த காலையில் அது இன்னும் சற்று ஏறும். 100 வோல்ட் வரம்புள்ள கன்ட்ரோலருக்கு அது நெருக்கம். அந்த அளவு நேர் மின்சாரம் (டி.சி.) கையில் பட்டாலும், தளர்ந்த இணைப்பில் தீப்பொறி எழுந்தாலும் ஆபத்து.

எனவே இரண்டிரண்டாகச் சீரிஸில் கோத்து, அந்த இரு சரங்களையும் பேரலலில் சேர்ப்பதே என் தேர்வு. இதில் பலரும் கவனிக்காமல் விடுவது எதோடு எதைக் கோப்பது என்பதை. சாலையோர மரம் வேனின் ஒரு பக்கத்தையே பெரும்பாலும் மறைக்கும். ஆகவே இடப்பக்கத்து இரண்டும் ஒரு சரமாகவும், வலப்பக்கத்து இரண்டும் மற்றொரு சரமாகவும் இருக்க வேண்டும். மேலே சொன்ன மருத நிழலில் இப்படிக் கோத்தால் 300 வாட் கிடைக்கும். இடத்தில் ஒன்றையும் வலத்தில் ஒன்றையும் சேர்த்துக் கோத்தால் அதே பேனல்கள், அதே நிழல், ஆனால் 200 வாட்தான். ஒயரின் நீளத்தை மிச்சம் பிடிப்பதற்காக இதை மாற்றிப் போடுவது பெரும் பிழை.

பனை நிழலில் மட்டும் இந்தக் கலப்பு முறை சற்றுப் பின்தங்கும். இரு சரங்களும் ஒரே கன்ட்ரோலரில் இருந்தால் நல்ல சரமும் 27 வோல்ட்டுக்கு இறங்கி வரவேண்டியிருப்பதால் 300 வாட் அளவோடு நின்றுவிடும். சரத்துக்கு ஒன்றாக 75 வோல்ட், 15 ஆம்பியர் கன்ட்ரோலர் இரண்டு வைத்தால் 350 வாட்டும் திரும்பக் கிடைக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். கையில் பணம் இருந்தால் நான் இதையே செய்யச் சொல்வேன்.

குற்றாலச் சாரல் காலத்தில் மேகம் கூரை முழுவதையும் ஒரே சீராக மூடிவிடுவதால் இந்த வேறுபாடுகள் அநேகமாக மறைந்துவிடும்.

வேலை முடிந்ததும் வெயிலில் நிறுத்தி, இடப்பக்கத்துப் பேனல்கள் இரண்டின் மேலும் தடித்த போர்வையை விரித்துவிட்டுக் கன்ட்ரோலரைப் பாருங்கள். பேனல் மின்னழுத்தம் 30 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சரங்கள் சரியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. 15 வோல்ட்டை ஒட்டி விழுந்தால், கூரையில் மறுபடியும் ஏறி இணைப்புகளை மாற்ற வேண்டும்.