அரே() பழசா, சதுர அடைப்பா: உள்ளடுக்கு அரேக்களைப் பாடக் குறிப்பில் எப்படி எழுதலாம்?

காரைக்குடியில் மாலை நேரத்தில் பிஎச்பி என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். பல மதிப்புகளை ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் அரேயை எழுத, என் பாடக் குறிப்பு முழுக்க அரே() என்ற பழைய எழுத்துமுறைதான் இருந்தது. (நிரலில் அந்தச் சொல்லை array என்று ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், மாறிக்கும் ஃபங்ஷனுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) சதுர அடைப்பில் எழுதும் குறுக்குமுறை 2012 மார்ச்சிலேயே பிஎச்பி 5.4-இல் வந்துவிட்டது. இரண்டும் உருவாக்கும் அரே ஒன்றுதான், வேகத்திலும் வித்தியாசம் கிடையாது. ஒற்றை அடுக்கு என்றால் எதில் எழுதினாலும் சரி. அரேக்குள் அரே வரும்போதுதான் சிக்கல்.

இதற்கு நான் எடுக்கும் உதாரணம் எங்கள் செட்டிநாட்டு வீடுதான். முகப்பு, அதைத் தாண்டி முற்றமுள்ள வளவு, வளவின் ஓரமாக இரட்டை வீடு என்ற அறை, அந்த இரட்டை வீட்டுக்குள் இன்னொரு அறை. பதிவு என்று நாமே பெயர் வைத்த ஒரு ஃபங்ஷனுக்கு இதைக் கொடுத்தால், பழைய முறையில்:

பதிவு(அரே('வளவு' => அரே('இரட்டை வீடு' => அரே('வெளிவீடு', 'உள்வீடு'))));

கடைசியில் நாலு வட்ட அடைப்பு. "சார், இதுல எது ஃபங்ஷனை மூடுது?" என்று ஒரு மாணவி கேட்டபோது நானே விரல் வைத்து எண்ணித்தான் சொன்னேன். குறுக்குமுறையில்:

பதிவு(['வளவு' => ['இரட்டை வீடு' => ['வெளிவீடு', 'உள்வீடு']]]);

மூன்று சதுரம், ஒரு வட்டம். எண்ணவே வேண்டாம், கடைசி வட்டம் ஃபங்ஷனுடையது. இன்னொரு லாபமும் உண்டு. ஒரு சதுரத்தை மூட மறந்தால், அது வட்டத்தோடு பொருந்தவில்லை என்று பிஎச்பி 8 நேராகவே சொல்லிவிடும். எல்லாமே வட்டமாக இருந்தால், மூடாத அடைப்பு எந்த அரேயுடையது என்று நாம்தான் தேட வேண்டும்.

பழைய முறைக்கும் நியாயம் இருக்கிறது. அரே() என்பது தேடக் கிடைக்கும் சொல். வெறும் சதுர அடைப்பை எந்தத் தேடுபொறியில் போட்டாலும் பயனில்லை. அப்புறம், சதுர அடைப்புக்கு பிஎச்பியில் ஏற்கெனவே வேலை அதிகம்: $வீடு['வளவு'] என்று எடுப்பதும் அதில்தான், $வீடு[] = 'முகப்பு' என்று கடைசியில் சேர்ப்பதும் அதில்தான். புதிதாகப் படிப்பவர் குழம்புவார். ஆனால் அரே() பார்ப்பதற்கு ஃபங்ஷன் மாதிரியே இருந்து ஃபங்ஷனாக இல்லாதது அதைவிடப் பெரிய குழப்பம் என்பது என் வகுப்பில் நான் கண்டது.

இரண்டையும் கலந்து எழுதுவதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். வெளியே அரே(), உள்ளே சதுரம் என்றால் பிஎச்பி ஒன்றும் சொல்லாது, படிப்பவர்தான் அதில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று தேடுவார். அரேயின் மதிப்புகளைத் தனித்தனி மாறிகளில் பிரித்தெடுக்கும்போது பிஎச்பியே விடாது: 7.1-இலிருந்து, அதற்கான லிஸ்ட்()-க்குப் (நிரலில் list) பதில் சதுரம் போடலாம், ஆனால் ஒன்றுக்குள் மற்றதை வைத்தால் நிரல் ஓடாது.

நான் குறிப்பைச் சதுரத்துக்கு மாற்றிவிட்டேன். மாற்றும்போது தெரிந்தது, அடைப்பை மட்டும் மாற்றினால் போதாது, வரியையும் உடைக்க வேண்டும்:

$வீடு = [
    'முகப்பு' => ['திண்ணை'],
    'வளவு' => [
        'முற்றம்' => [],
        'இரட்டை வீடு' => ['வெளிவீடு', 'உள்வீடு'],
    ],
];

முகப்பில் நின்றால் பின்கட்டுக் கதவு வரை நேராகத் தெரிகிற மாதிரி, திறந்த வரியும் மூடிய வரியும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. கடைசி உறுப்புக்குப் பின்னும் காற்புள்ளி இருப்பதால் நாளைக்கு இன்னொரு அறை சேர்த்தால் பழைய வரியைத் தொட வேண்டியதில்லை.

அரே()-ஐ ஒரு பக்கத்தில் மட்டும் வைத்திருக்கிறேன், எழுத அல்ல, படித்துப் புரிந்துகொள்ள. ஒரு அரேயை நிரல் வடிவில் அச்சிடச் சொன்னால் பிஎச்பி இன்றைக்கும் அந்தப் பழைய வடிவத்தில்தான் அச்சிடுகிறது. மாணவர் திரையில் அதைப் பார்த்துத் திகைக்கக் கூடாது.