ஆச்சியின் நோரிடேக்கா, நீல வில்லோவா?

கொழும்பில் கடை வைத்திருந்த ஆச்சியின் அப்பா, அவளுக்குச் சீராகத் தந்த பன்னிரண்டு பீங்கான் தட்டுகளில் எங்கள் செங்கோட்டை வீட்டில் மிச்சம் ஏழு. ஓரத்தில் பொன்கோடு, நடுவில் ரோஜாக் கொத்து. அடியில் நோரிடேக் என்ற கம்பெனியின் முத்திரையும் 'மேட் இன் ஜப்பான்' என்ற எழுத்தும் உண்டு. டிசைனுக்குப் பெயரில்லை, எண்ணும் இல்லை.

உடைந்த ஐந்துக்குப் பதில் அதே டிசைனைத் தேடலாம். இல்லையென்றால் ஏழையும் அலமாரியில் ஏற்றிவிட்டு, வெள்ளையில் நீலப் படம் அச்சிட்ட 'வில்லோ' டிசைன் தட்டுகளுக்கு மாறலாம். இரண்டையும் செய்து பார்த்தேன். இப்போது நான் வில்லோ கட்சி.

அழகில் நோரிடேக்தான், அதில் வாதமே இல்லை. தரையில் விழுந்தால் இரண்டும் ஒன்றுதான்.

தேடலுக்காக ரயிலேறிக் கொல்லம் போய், அங்கிருந்து கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர் தெருவான ஜூ டவுனின் பழம்பொருள் கடைகள் வரை அலைந்தேன். ஒரு கடையில் அதே ரோஜா கிடைத்தது. வீட்டுக்கு வந்து பக்கத்தில் வைத்தால் அதன் வெள்ளை சற்று மஞ்சள். பொன்கோடோ பளபளத்தது, எங்களுடையது புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்கியிருந்தது. விரலால் சுண்டினேன், 'ணங்' என்று வரவேண்டிய இடத்தில் 'டொக்' என்றது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். கடையிலேயே சுண்டியிருக்க வேண்டும், புத்தி அப்புறம்தான் வந்தது.

அமெரிக்காவின் கிரீன்ஸ்போரோ ஊரில் 1981 முதல் ஒரு நிறுவனம், நின்றுபோன டிசைன்களைத் தேடித் தருவதையே தொழிலாகச் செய்கிறது. ஆனால் பெயரும் எண்ணும் இல்லாத தட்டைப் படத்தை வைத்துத்தான் அடையாளம் காணவேண்டும். கிடைத்தாலும் தபால் செலவு, சுங்கம் எல்லாம் சேர்த்தால் ஐந்து தட்டுக்கு அது கட்டாது.

சரி, வில்லோவுக்கு வருவோம். பாலத்தின் மேல் மூன்று பேர், வானத்தில் இரண்டு பறவைகள், ஒரு மரம், ஒரு மாளிகை. பார்த்தால் சீனா, பிறந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில். செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் எடுத்து, தட்டில் ஒற்றி, அதன் மேல் கண்ணாடி போன்ற மெருகு ஊற்றிச் சுடுவார்கள். படம் மெருகுக்கு அடியில் இருப்பதால் தேய்த்தாலும் போகாது. பொன்கோடு மெருகுக்கு மேலே இருப்பதால்தான் போகிறது.

என்னை மாற்றியது அடுத்த தட்டு உடையும் நாளைப் பற்றிய யோசனை. நோரிடேக்கில் ஒன்று போனால் மறுபடி மட்டாஞ்சேரி. வில்லோவை இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பல கம்பெனிகள், ஜப்பான்காரர்கள் உட்பட, அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். நீலம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஓர அகலமும் மாறும். முதலிலிருந்தே கலந்து வாங்கினால் அது குறையாகத் தெரிவதில்லை. எங்கள் எட்டும் மூன்று கம்பெனி.

ஒரு எச்சரிக்கை. பழைய வில்லோ பெரும்பாலும் மண்பீங்கான். மெருகில் சிலந்திவலை போல வெடிப்பு விட்டிருந்தால் சாம்பார் மஞ்சள் உள்ளே இறங்கிவிடும். அப்படிப்பட்டதை ஒதுக்குங்கள். விற்றால் எது நல்ல விலைக்குப் போகும் என்று கேட்டால், நான் எதையும் விற்றதில்லை.

பொங்கலன்று அக்கா பேரன் ஒரு வில்லோவை உடைத்தான். "போனாப் போவுது, காலை வெட்டிக்காதல" என்றாள் ஆச்சி. ஐந்தாவது நோரிடேக் போன அன்று அவள் ராத்திரி சாப்பிடவில்லை.