கார்பன் ரிம்மா, அலுமினிய ரிம்மா: உத்தரவாதத்தை முன்வைத்து ஓர் அலசல்

பாறை நிறைந்த தடங்களில் ஓட்டும் என் மலைச் சைக்கிளுக்குப் புதிய சக்கரங்கள் தேவைப்பட்டபோது, டிடி ஸ்விஸ் இஎக்ஸ் 511 போன்ற உறுதியான அலுமினிய ரிம்களையும் (ரிம் என்பது டயர் பொருந்தும் வெளி வளையம்), ஆயுட்கால உத்தரவாதத்துடன் விற்கப்படும் கார்பன் இழைச் சக்கரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கார்பனையே வாங்கினேன். எடை குறைவு, விறைப்பு அதிகம், விலையும் மிக அதிகம் என்பவை எல்லோரும் அறிந்தவை. என் முடிவைத் தீர்மானித்தது உத்தரவாதம்தான்.

கூரிய பாறையில் மோதினால் அலுமினிய ரிம் நெளியும். அந்த நெளிவைத் தடத்தின் ஓரத்திலேயே இடுக்கியால் ஓரளவு நிமிர்த்தி, டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத) டயரில் காற்று நிற்கும்படி செய்து வீடு திரும்பிவிடலாம் என்பது அதன் பெரிய பலம். ஆனால் நிமிர்த்திய இடம் ஒவ்வொரு முறையும் பலவீனமாகிறது. ஸ்போக்குகளின் (ஆரக்கம்பிகளின்) இழுவிசையும் சீர் கெடுகிறது. கார்பன் அதே அடியைப் பெரும்பாலும் தாங்கி, வட்டம் கோணாமல் நிற்கும். தாங்காவிட்டால் விரிசல் விடும், அப்படி விரிசல் விட்ட ரிம்மில் தொடர்ந்து ஓட்டக் கூடாது. ஆகவே, விரிசல் விட்டபின் யார் செலவு செய்வது என்பதே கேள்வி.

சான்டா க்ரூஸ் சைக்கிள் நிறுவனத்தின் ரிசர்வ், கனடாவின் காம்லூப்ஸ் நகரில் ரிம் தயாரிக்கும் வீ ஆர் ஒன் போன்றவை, ஓட்டும்போது ஏற்படும் உடைவுக்கும் முதல் உரிமையாளருக்கு ஆயுட்கால உத்தரவாதம் அளிக்கின்றன. ட்ரெக் நிறுவனத்தின் சக்கரப் பிராண்டான போன்ட்ரேகரின் கார்பன் கேர் திட்டம் இத்தகைய சேதத்துக்கு இலவச மாற்றை இரண்டு ஆண்டுகளுக்கே தருகிறது. வேறு சிலரோ தயாரிப்புக் குறைபாட்டை மட்டும் ஏற்று, மோதி உடைந்தால் தள்ளுபடி விலையில் புதியதை வாங்கச் சொல்கிறார்கள். அந்த நிலையில் கார்பனுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

நிபந்தனைகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். காரின் பின்புறத் தாங்கியில் மாட்டிய சைக்கிளின் சக்கரம் புகைபோக்கியின் சூட்டில் கருகினால், அது ஓட்டும்போது நேர்ந்த சேதமாகக் கருதப்படாது. ரிம்முடன் புதிய ஸ்போக்குகளும் கட்டும் கூலியும் சேருமா என்பதையும் கேட்டுத் தெளிய வேண்டும், ஏனெனில் பழைய மாதிரி நிறுத்தப்பட்டு வேறு அளவுள்ள ரிம் மாற்றாக வந்தால், இருக்கும் ஸ்போக்குகளின் நீளம் பொருந்தாமல் போகலாம். உத்தரவாதம் முதல் உரிமையாளருடன் முடிந்துவிடும் என்பதால், இரண்டாம் கை கார்பன் சக்கரத்தை மலிவாகக் கிடைத்தாலும் நான் பரிந்துரைக்கமாட்டேன். விற்கும்போதும் இதே காரணத்தால் விலை இறங்கும். அங்கே அலுமினியமே மேல்: ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதியை) வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் மாற்றினால் செலவு அடங்கிவிடும்.

என் சக்கரங்கள் இதுவரை விரிசல் காணவில்லை, எனவே மாற்று ரிம் எவ்வளவு விரைவில் வந்து சேரும் என்பதை அனுபவத்திலிருந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை. தொடர்ந்து பந்தயங்களில் ஓட்டுபவருக்கு அந்தக் காத்திருப்பே பெரிய இழப்பாகலாம்; அவர் கையில் ஓர் அலுமினியச் சக்கரம் மாற்றாக இருப்பது நல்லது. மற்றவர்கள், உடைவுக்கும் பொறுப்பேற்கும் உத்தரவாதம் எழுத்தில் இருந்தால் கார்பனை வாங்கலாம். வாங்கியதும் சக்கரத்தைத் தங்கள் பெயரில் பதிவு செய்து, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.