போன் கால்குலேட்டர் ஆப்கள்: எந்த இலக்கம் வரை நம்பலாம்?

10^100 + 1 − 10^100. இந்த ஒரு வரியைப் (^ என்பது அடுக்குக் குறி) போட்டுப் பார்த்தாலே ஒரு கால்குலேட்டர் ஆப் உள்ளுக்குள் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பாதி தெரிந்துவிடும். சரியான விடை 1. ஆண்ட்ராய்டில் கூகுள் தரும் கால்குலேட்டர் 1 என்கிறது. ஐபோனோடு வரும் கால்குலேட்டர் 0 என்கிறது. இப்படி ஒரு கணக்கை யாரும் அன்றாடம் போடப்போவதில்லைதான். ஆனால் இதில் 0 வருவதற்கு என்ன காரணமோ அதே காரணம் சின்னச் சின்னக் கணக்குகளிலும் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அது கண்ணில் படாது, அவ்வளவே.

பெரும்பாலான ஆப்கள் எண்களை வைத்துக்கொள்வது 'டபுள்' என்ற வடிவத்தில். அது 1985இல் வந்த ஐஇஇஇ 754 என்ற கணினி எண் தரநிலை வகுத்தது. ஓர் எண்ணுக்கு 64 பிட், அதில் மதிப்பிலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட். தசமத்தில் சொன்னால் 15 முதல் 17 இலக்கம். 10^100-உடன் 1-ஐக் கூட்டும்போது அந்த 1 நூறு இலக்கம் தள்ளி நிற்கிறது. வைக்க இடமில்லாததால் கீழே விழுந்துவிடுகிறது. முழு எண்களிலும் இதே கதை. 2^53, அதாவது 9007199254740992 வரை எல்லா முழு எண்ணும் டபுளில் சரியாக நிற்கும். அதற்கு அடுத்த 9007199254740993 நிற்காது. ஆகவே 9007199254740993 − 9007199254740992 என்று போட்டு 0 வந்தால் அந்த ஆப் ஓடுவது டபுளில்.

இரண்டாவது சிக்கல், டபுள் இரும எண், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதுவது. பத்தில் ஒரு பங்கை இருமத்தில் எழுதினால் அது முடிவில்லாமல் நீளும். வெட்டித்தான் வைக்க வேண்டும். 0.1 + 0.2 உள்ளே 0.30000000000000004 ஆவது இதனால்தான். திரையில் பத்துப் பன்னிரண்டு இலக்கம் மட்டும் காட்டுவதால் 0.3 என்றே தெரிகிறது. அதிலிருந்து 0.3-ஐக் கழித்தால் குட்டு வெளிப்படும்: 5.55 × 10^-17.

இங்கே சில ஆப்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. விடை 0-க்கு மிக அருகில் வந்தால் 0 என்றே காட்டிவிடுகின்றன. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அது திருத்தம் அல்ல, மறைப்பு. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. √2-ஐ வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். 0 காட்டினால், அந்த விடையை அழிக்காமல் அப்படியே 10^16 ஆல் பெருக்குங்கள். 4.44 என்று வந்தால் திரையில் மட்டும் மறைத்திருக்கிறது. மறுபடியும் 0 வந்தால் இரண்டில் ஒன்று: உண்மையிலேயே சரியாகப் போட்டிருக்கிறது, அல்லது உள்ளேயே எண்ணைத் துடைத்துவிட்டது. எது என்று பிரிக்க 1 + 10^-14 − 1 போட்டு, வந்ததை 10^14 ஆல் பெருக்குங்கள். சரியான ஆப்பில் 1 வரும், வெறும் டபுளில் 0.9992007 வரும், துடைக்கும் ஆப்பில் 0 வரலாம். மூன்றில் மோசமானது கடைசி ரகம். வேதியியல் செறிவு, மின்தேக்கி அளவு மாதிரி நிஜமாகவே சிறிய எண்களோடு வேலை செய்பவருக்கு அந்த ஆப் உதவாது.

இழப்பு எப்படிப் பெருகும் என்பதற்கு இன்னும் நல்ல சோதனை, 1 + 10^-15-ஐ 10^15 அடுக்குக்கு உயர்த்துவது. கூட்டுவட்டிச் சூத்திரமும் இதே உருவம்தான். சரியான விடை 2.71828 என்று தொடங்க வேண்டும். டபுளில் வருவது 3.035035. பதினைந்தாவது இலக்கத்தில் எங்கோ ஒரு தூசு இல்லை இது. முதல் இலக்கமே தவறு. நடப்பது இதுதான்: 1-க்கு அடுத்து டபுளில் இருக்கும் எண் 1-ஐவிட 2.22 × 10^-16 பெரியது. நாம் கூட்டிய 10^-15 அந்தப் படிகளில் நாலரைப் படி. அரைப்படியில் நிற்க முடியாது, ஐந்தாவது படியில் ஏறி நிற்கிறது. ஆக 10^-15 இப்போது 1.11 × 10^-15. அடுக்கு அந்தப் பதினொரு சதவீதப் பிழையை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறது. 10^-16, 10^16 என்று போட்டால் இன்னும் வேடிக்கை. முதல் படியின் பாதியைக்கூட எட்டாததால் கூட்டல் நடக்காமலே போய், விடை 1.

கூகுள் கால்குலேட்டர் இந்தச் சோதனைகளில் தனியாக நிற்பதற்குக் காரணம், அது டபுளை நம்பவில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் வரை எண்களை இரண்டு முழு எண்களின் பின்னமாகவே வைத்துக்கொள்கிறது. அந்த முழு எண்கள் மிக நீளமாக இருந்தாலும் சரி. 0.1 அங்கே 1/10. வெட்டு இல்லை, பிழையும் இல்லை. √2, பை, மடக்கை போன்றவை வரும்போது, எண்ணை ஓர் இலக்க வரிசையாக வைக்காமல், 'எத்தனை இலக்கம் வேண்டுமோ கேள், தருகிறேன்' என்று சொல்லும் ஒரு செய்முறையாக வைக்கிறது. விடையில் இருபது இலக்கம் வேண்டுமென்றால், அதற்குத் தன் உள்ளீடுகளிலிருந்து எத்தனை இலக்கம் வேண்டும் என்று பின்னோக்கிக் கேட்டு வாங்கும். இதை வடிவமைத்த ஹான்ஸ் போம் 2017இல் கட்டுரையாகவும் எழுதியிருக்கிறார்.

பயன்படுத்துபவருக்கு இது எப்படித் தெரியும்? விடையை விரலால் இடப்பக்கம் இழுத்தால் மேலும் மேலும் இலக்கங்கள் வந்துகொண்டே இருக்கும். இன்னொரு இடத்தில் பலர் குழம்புகிறார்கள். 2 ÷ 3 போட்டால் இந்த ஆப்பில் கடைசி இலக்கமும் 6. மற்ற ஆப்களில் கடைசியில் 7. ஆறு வருவது பிழை அல்ல. இழுக்க இழுக்க இலக்கம் வரும் திரையில் கடைசி இலக்கத்தை 7 என்று முழுதாக்கிக் காட்டினால், இழுத்ததும் அது 6 ஆக மாற வேண்டியிருக்கும். அதனால் முழுதாக்காமல் அந்த இடத்தோடு வெட்டிக் காட்டுகிறது. திரையில் உள்ள இலக்கத்தைப் பார்த்துத் தாளில் எழுதுபவர் இதை நினைவில் வைக்க வேண்டும். நான்கு தசம இடம் வேண்டுமென்றால் ஐந்தாவது இலக்கத்தைப் பார்த்து நாமேதான் முழுதாக்க வேண்டும்.

குறையும் உண்டு. இரண்டு மெய்யெண்கள் சமமா என்று எல்லா நேரமும் தீர்மானிக்கும் வழி கணிதத்திலேயே இல்லை. √2 × √2, சைன் 180° போன்ற பழகிய வடிவங்களை ஆப் அடையாளம் கண்டு 2, 0 என்று முடித்துவிடும். அடையாளம் காண முடியாத சிக்கலான கோவையில் விடை உண்மையில் 0 ஆக இருந்தாலும் 0.0000… என்று இழுக்க இழுக்கப் பூஜ்யமாக வந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு மறைந்த பூஜ்யத்தால் வகுத்தால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கைவிடும். தவறான எண்ணைத் தன்னம்பிக்கையோடு காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சாம்சங் போன்களோடு வரும் கால்குலேட்டரில் வேறு மாதிரிக் கட்டுப்பாடு. ஓர் எண்ணுக்கு 15 இலக்கம், தசமப் புள்ளிக்குப் பின் 10 இலக்கம்; அதற்கு மேல் அடிக்க விடாது. டபுள் நம்பகமாகத் தாங்குவதும் 15 இலக்கம் என்பதால் வரம்பு நியாயமானதே. ஆனால் 0.00000000001 போன்ற எண்ணை நேராக அடிக்க முடியாது, 10-இன் அடுக்காகத்தான் போட வேண்டும்.

ஐபோனின் கால்குலேட்டரைப் பழைய ஐஓஎஸ் பதிப்புகளில் நிமிர்த்திப் பிடித்தால் 9 இலக்கம்தான் தெரியும். மீதியைப் பார்க்கப் போனைப் படுக்கவைக்க வேண்டும். திரையில் 9 இலக்கம் தெரிந்தாலும் உள்ளே அதற்கு மேல் இருக்கிறது, எனவே விடையின் மேல் தொடர்ந்து கணக்குப் போடலாம். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 1 + 2 + 3 என்று வேகமாகத் தட்டினால் 24 காட்டியது நினைவிருக்கும். அது ரவுண்டிங் பிழையே அல்ல. பொத்தானின் அசைவூட்டம் முடியும் முன் விழுந்த தட்டலை ஆப் ஏற்காமல் விட்டதால் இரண்டாவது கூட்டல் குறி தொலைந்து, 1 + 23 ஆகிவிட்டது. 11.2 பதிப்பில் சரிசெய்தார்கள்.

டபுள் போதாது, ஆனால் கூகுள் ஆப்பில் இல்லாத அறிவியல் பொத்தான்களும் வேண்டும் என்பவர்களுக்கு ஃப்ரீ42 நல்ல தேர்வு. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. தசமத்திலேயே 34 இலக்கம் வைத்துக் கணக்கிடுவதால் 0.1 + 0.2 − 0.3 சரியாக 0. ஹைப்பர் கால்க் 100 இலக்கம் வரை போகிறது. இரண்டிலும் 10^100 சோதனை ஒரு எல்லைக்கு அப்பால் தோற்கத்தான் செய்யும், இலக்கம் அதிகமே தவிர முடிவுள்ளது. ஃப்ரீ42-இல் எண்ணை முதலில், குறியைப் பிறகு அடிக்கும் முறை. பழகாதவருக்கு முதல் நாள் எரிச்சலாக இருக்கும்.

முக்கோணவியல் பொத்தான்களைச் சோதிக்கப் பழைய வழி ஒன்று. ஆப்பை டிகிரியில் வைத்து 9-க்கு சைன், காஸ், டான் என வரிசையாகப் போட்டு, பிறகு நேர்மாறு டான், நேர்மாறு காஸ், நேர்மாறு சைன் என்று திரும்பி வர வேண்டும். விடை 9. டபுளில் ஓடும் ஆப்பில் பத்தாவது தசம இடத்தின் அருகே பிசகும். காரணம் காஸ். இரண்டாவது படியில் எண் 0.9999962727 ஆகிறது. முன்னால் வரிசையாக நிற்கும் ஒன்பதுகள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, தகவல் கடைசி இலக்கங்களில் நெருக்கி உட்கார்கிறது. திரும்பி வரும்போது அந்த இழப்பு பெருகும். இதே ஆப்பில் டான் 90° போட்டால் 'பிழை' என்று வர வேண்டும். 16331239353195370 என்று வந்தால் 90 பாகையை ரேடியனாக மாற்றும்போதே வெட்டு விழுந்திருக்கிறது.

தசம இடங்களை நிலையாக வைக்கும் வசதி உள்ள ஆப்களில் இன்னும் இரண்டு சோதனை. இரண்டு இடம் வைத்து 2.675 போடுங்கள். 2.68 வந்தால் நல்லது, 2.67 வந்தால் உள்ளே இருப்பது இருமம், ஏனெனில் அங்கே அந்த எண் 2.67499999999999982. அடுத்து தசமமே வேண்டாம் என்று வைத்து 2.5. இதற்கு 3 வந்தால் பள்ளியில் படித்த முறை. 2 வந்தால், பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும் முறை. நீண்ட பட்டியலைக் கூட்டும்போது பிழை ஒரே பக்கம் சேராமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள், அது தவறில்லை. பில்லோடு ஒத்துப்போகவில்லையே என்று தலையைச் சொறியாமல் இருக்க முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இத்தனை சொன்ன பிறகு ஒன்றையும் சொல்ல வேண்டும். நடைமுறையில் பணத்தையும் மதிப்பெண்ணையும் கெடுப்பது பதினாறாவது இலக்கம் அல்ல. % பொத்தான், ரேடியன்–டிகிரி நிலை, இடையில் எழுதி மறுபடி அடிக்கும் பழக்கம், இந்த மூன்றும்தான்.

100 + 10% என்பதற்குப் பல ஆப்களில் 110. 10% என்பதை வெறும் 0.1 ஆக எடுக்கும் ஆப்களில் 100.1. புது ஆப் போட்டதும் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்; சந்தேகம் இருந்தால் %-ஐத் தொடாமல் 1.1 ஆல் பெருக்குங்கள். சைன் 30 போட்டு 0.5 வராமல் −0.988 வந்தால் ஆப் ரேடியனில் நிற்கிறது. −2^2 என்பதற்கு −4 வர வேண்டும், 2^3^2 என்பதற்கு 512. மாற்றி 4, 64 என்று வரும் ஆப்பில் அடைப்புக்குறி இல்லாமல் அடுக்குகளைத் தொடாதீர்கள்.

கடன் தவணைக் கணக்கில் மறுபடி அடிக்கும் பழக்கம் என்ன செய்கிறது என்று எண்ணிலேயே பார்க்கலாம். அசல் 10,00,000, ஆண்டு வட்டி 10%, 240 மாதம். மாத வட்டி 10 ÷ 12, அதாவது 0.8333…%. இதை அப்படியே விட்டால் தவணை 9,650.22. யாரோ 0.83% என்று தாளில் எழுதி, அதை மீண்டும் அடித்தால் தவணை 9,623.73. மாதத்துக்கு 26.49 வித்தியாசம், மொத்தத்தில் சுமார் 6,360. எந்த டபுளும் இப்படி ஒரு பிழையைச் செய்யாது. மாத வட்டியை ஆப்பின் நினைவகத்தில் போடுங்கள், அல்லது வரலாற்றுப் பட்டியலில் அந்த வரியைத் தொட்டு எடுங்கள்; நினைவகம் இல்லாத ஆப்பானால் (0.1÷12) என்று அடைப்புக்குறிக்குள்ளேயே சூத்திரத்தில் எழுதிவிடுங்கள். முழுதாக்குவது தவணை வந்த பிறகு, ஒரே ஒருமுறை.