ஆரஞ்சு உருளை: ஆரிஃபில் 50 வெயிட் நூல் எப்படி?

ஒரு குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை) கைக்கு வந்ததும் நான் அதைத் திருப்பிப் போட்டுத்தான் முதலில் பார்ப்பேன். முன்பக்கம் எப்படியும் கண்ணைப் பறித்துவிடும், பின்பக்கத்தில்தான் தைத்தவரின் கை தெரியும்: எங்கே நூலின் இழுவை (டென்ஷன்) இறுகியது, எங்கே நூல் அறுந்து முடிச்சு விழுந்தது, எங்கே அவசரப்பட்டார் என்று எல்லாமே. 20 வருடமாக நானும் தைக்கிறேன், மற்றவர்கள் தைத்த கலைக் குவில்ட்களையும் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்க்கிறேன். துணியைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், நூல் என்று வந்தால் கையில் அகப்பட்டதை மாட்டித் தைத்துவிடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆரிஃபில் நூல் தயாரிக்கும் இத்தாலிய நிறுவனம். நூலின் தடிமனை ‘வெயிட்’ என்ற எண்ணால் சொல்வார்கள், தடிமனுக்கு ஒன்றாக உருளையின் நிறத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள்: 50 வெயிட்டுக்கு ஆரஞ்சு, 40க்குப் பச்சை, 28க்குச் சாம்பல், 12க்குச் சிவப்பு. எண் ஏற ஏற நூல் மெலியும், புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தடித்த நூலை வாங்கிவிடுகிறார்கள். இன்னொன்று, 50 என்று போட்டிருக்கிற நூலெல்லாம் ஒன்றல்ல. ஆரிஃபிலின் 50 இரண்டு புரி முறுக்கிய நூல். மூன்று புரியில் வரும் 50 வெயிட்டும் உண்டு, இரண்டையும் விரல் இடுக்கில் உருட்டினாலே எது மெலிசு என்று தெரிந்துவிடும்.

மெலிசாக இருப்பதால் என்ன லாபம்? துண்டுகளை இணைக்கும்போதுதான் அது நன்றாகப் புரியும். ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்து, துணியை விரித்து, இஸ்திரி போட்டுப் படிய வைக்கிறோம். தடித்த நூலாக இருந்தால் அந்த மடிப்பில் நூலே இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு தையலுக்கு அரை மில்லிமீட்டர் போனால்கூட 40 தையல் வரும் அகலத்தில் 20 மில்லிமீட்டர் காணாமல் போகும், அப்புறம் ஓரப்பட்டை சேரவில்லை என்று உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான். ஆரஞ்சு உருளைக்கு மாறிய பிறகு என் அளவுகள் தாளில் போட்டபடி வருகின்றன. இழை நீளமான பருத்தி என்பதால் பஞ்சுத் தூசியும் குறைவு. மெஷினில் அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் கூட்டைத் திறந்து தூரிகையால் தட்டும்போது முன்பெல்லாம் ஒரு சின்னப் பந்தே விழும், இப்போது அப்படி இல்லை. 80/12 அளவு ஊசி, தையல் நீளம் 2 மில்லிமீட்டர், இதுதான் என் கணக்கு.

நிறம் 270 இருக்கிறது. எல்லாம் வேண்டாம். 2600 என்ற எண்ணில் ஒரு புறாச் சாம்பல் வரும், அது ஒன்று இருந்தால் இணைப்பு வேலையில் முக்கால்வாசி ஓடிவிடும், வெள்ளைத் துணியிலும் அடர் நீலத்திலும் ஒதுங்கிக்கொள்ளும்.

சரி, கலைக் குவில்ட்டுக்கு வருகிறேன். 1971-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் குவில்ட்களை ஓவியம் மாதிரிச் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். கட்டிலில் விரித்துக் கிடந்ததைச் சுவரில் நிமிர்த்தி வைத்துவிட்டால், பக்கத்திலிருந்து விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு தையலும் மேடு பள்ளமாகத் தெரியும். அங்கே நூல் வெறும் ஒட்டுவேலை செய்வதில்லை, கோடு போடுகிறது. போன வருடம் ஒரு கொக்கு செய்தேன். கழுத்து வளைவை முதலில் 40 வெயிட்டில் தைத்தேன், கயிறு ஒட்டியது போல விறைப்பாக இருந்தது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, 50-ல் நான்கு சாம்பல்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சிறு சிறு கோடுகளாக ஓட்டினேன். மூன்றாவது சாம்பல் விழும்போதே இறகு வந்துவிட்டது. அடியில் இருந்த நிறம் இடுக்கு வழியாகத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு மெலிந்த நூல்தான் இடம் கொடுக்கும்.

மெஷினில் தைத்தால் அது எப்படிக் கலையாகும் என்று இன்னமும் கேட்கிறார்கள். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் 1886 வாக்கில் செய்த பைபிள் குவில்ட் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கைத்தையலும் உண்டு, மெஷின் தையலும் உண்டு. எனக்கு அதற்கு மேல் பதில் தேவைப்பட்டதில்லை.

எல்லா வேலைக்கும் இது ஆகாது. கோடு தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், கைத்தையலின் புள்ளிகள் எழுந்து நிற்க வேண்டும் என்றால் 28 அல்லது 12 எடுங்கள். பளபளப்பு வேண்டுமானால் பாலியஸ்டர் பக்கம் போங்கள். பாலியஸ்டர் காட்டன் துணியை அறுத்துவிடும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை, அப்படித் தைத்த பழைய குவில்ட்கள் என்னிடம் நன்றாகவே இருக்கின்றன. அப்புறம், மெலிந்த காட்டன் நூலுக்கு மேல் டென்ஷனை இளக்கித்தான் ஆக வேண்டும். முதல் வாரம் நான் பழைய அளவிலேயே வைத்து ஓட்டியதில் நூல் பட் பட்டென்று அறுந்தது, ஒன்றரை புள்ளி குறைத்ததும் நின்றுவிட்டது.

பெரிய உருளையில் 1300 மீட்டர், சின்னதில் 200. மீட்டருக்கு மீட்டர் பரப்பை 3 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு கோடாகத் தைத்தால் மேலே ஏறக்குறைய 330 மீட்டர், பாபினில் அதே அளவு, ஆக ஒரு பெரிய உருளையில் பாதி போய்விடும். கணக்குப் போட்டு வாங்குங்கள். உருளையின் அடிப்பாகத்தை இழுத்து, நூல் முனையைச் சுற்றி, திரும்ப அழுத்தினால் பிரியாமல் நிற்கும். இது தெரியாமல் பல மாதம் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நூல் விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு ஒரு குவில்ட்தான் காரணம். பல வருடங்களுக்கு முன் ஒருவரிடம் வாங்கிய நீலக் கடல். நிறம் எதுவும் தெரியக்கூடாது என்று அதைக் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் நைலான் நூலில் தைத்திருந்தார். சுருட்டி வைத்திருந்ததை ஒருநாள் பிரித்தால், நூல் மஞ்சளாகி, மொடமொடவென்று ஒடிந்து, அலை நெடுகச் சின்னச் சின்ன முட்களாக நீட்டிக்கொண்டிருந்தது. கையை வைத்தால் குத்துகிறது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, சாயம் அப்படியே இருக்கிறது, மூன்று அடுக்கையும் பிடித்து வைத்திருந்தது மட்டும் விட்டுப்போயிற்று.

செய்தவரிடமே கேட்டேன். வருத்தப்பட்டார், பிறகு நீங்களே தையுங்கள் என்று அனுமதி கொடுத்தார். ஒவ்வொரு முள்ளாகச் சாமணத்தால் எடுத்துவிட்டு, அவர் போட்ட அதே ஊசித் துளைகளில், துணியின் நிறத்துக்கே ஆரஞ்சு உருளையில் மூன்று நீலம் பொறுக்கி, கையால் தைத்துக்கொண்டு வருகிறேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாலை முழுக்க ஆகிறது. இடது பக்க அலைகள் முடிந்துவிட்டன, வலது பக்கத்துக்கான உருளையை நேற்றுதான் பிரித்தேன்.