ரசீதில் நாய்க்குட்டி இல்லை

முதன்முறையாக வீட்டுக்கு நாய்க்குட்டி கொண்டுவர இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்த பிறகு கடைக்குப் போங்கள். சென்னையில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் 14,000 ரூபாய் கொடுத்து வாங்கிய லேப்ரடார் குட்டி எங்கள் வீட்டில் ஐந்து நாள்கூட முழுதாக இருக்கவில்லை.

ஏனோதானோவென்று வாங்கியவர்கள் அல்ல நாங்கள். இரண்டு வாரம் வீட்டைத் தயார் செய்தோம். பால்கனிக் கம்பிகளுக்கு வலை கட்டினோம், தரையில் கிடந்த ஒயர்களை மேலே ஏற்றினோம். கூடத்து மூலையில் மகள் தன் பழைய போர்வையை நான்காக மடித்துப் போட்டாள். கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு பட்டியல் நீட்டினார்: கூண்டு, பெல்ட், சங்கிலி, ஷாம்பு, உண்ணிப் பவுடர், கால்சியம் மருந்து, பால் பவுடர். "இவை இல்லாமல் குட்டியைக் கொண்டுபோகாதீர்கள் சார், பிறகு அவதிப்படுவீர்கள்" என்றார். அதற்குத் தனியாக 6,800 ரூபாய். குட்டிக்கு 50 நாள் வயது, முதல் தடுப்பூசி போட்டாயிற்று என்று ஓர் அட்டையும் தந்தார்.

மூன்றாம் நாள் காலையில் குட்டி கிண்ணத்தின் பக்கமே போகவில்லை. மதியம் வாந்தி. இரவில் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். விடிந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். பார்வோ என்றார்கள், குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். மருத்துவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "கடைவாய்ப் பக்கம் பற்களே இன்னும் சரியாக வரவில்லையே, ஐந்து வாரம்கூட இருக்காது" என்றார். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. யாரோ கிறுக்கிய ஒரு கையெழுத்து மட்டும். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் பிற்பகல் குட்டி போய்விட்டது. மகள் இன்றுவரை அந்த மூலைப் பக்கம் பார்ப்பதில்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தபோது, "உங்கள் வீட்டில் என்ன கொடுத்தீர்களோ" என்றார். பார்வோ கிருமி உடலில் நுழைந்து நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். எங்களிடம் வந்து மூன்றாம் நாளே படுத்த குட்டி எங்கே நோயை வாங்கியிருக்கும்? இதைச் சொன்னதும் அவர் குரல் மாறியது. "வேறு குட்டி தருகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். பார்வோ கிருமி வீட்டுத் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை அதே மூலையில் விட்டால் அதுவும் போகும். இது தெரியாமலா அவர் கடை நடத்துகிறார்?

நாங்கள் செய்த தவறையும் சொல்கிறேன். குட்டி வருகிறதே என்று தினமும் தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்தோம். பார்வோவை அது அழிக்காது. தன் பாதங்களை நக்கும் குட்டிக்கு அதுவே நஞ்சு. 1 பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவச் சொன்னார் மருத்துவர். உண்ணிப் பவுடர் டப்பாவைப் பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குப் போடக் கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த 6,800 ரூபாயில் முதல் வாரத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது எதுவும் இல்லை. இரண்டு கிண்ணம், பழைய துணி, குட்டி இதுவரை தின்று பழகிய அதே தீனி, வாங்கிய அன்றே போய்க் காட்ட ஒரு மருத்துவர்: இவ்வளவு போதும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2018 விதி. பதிவுச் சான்றைக் கேளுங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அந்த நிமிடமே திரும்பிவிடுங்கள், குட்டி எவ்வளவு அழகாகப் பார்த்தாலும்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்க ரசீதைத் தேடி எடுத்தேன். கூண்டு இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, ஷாம்பு கூட இருக்கிறது. குட்டி இல்லை. 14,000 ரூபாயை அவர் ரொக்கமாகத் தனியே வாங்கியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அன்று கடை வாசலில் மகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது எடுத்த புகைப்படத்தையும், அந்தத் தடுப்பூசி அட்டையையும், மருத்துவமனைச் சீட்டையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.